குங்கிலியம் பூசாத மூடி

அந்த மூடியில் இரண்டு திருகாணிகளைப் போட்டது நான். அதைச் சுற்றிக் குங்கிலியம் பூசியது நான் இல்லை. இதை அன்று பட்டறையில் சொன்னேன், வீட்டில் சொன்னேன், குழாயடியில் கேட்டவர்களிடமும் சொன்னேன். இப்போது எழுதியும் வைக்கிறேன்.

பட்டறை ராயபுரத்தில், துறைமுகத்துக்குப் போகும் ரயில் பாதைக்குப் பின்னால் இருந்தது. முன்பு அது படகுக் கொட்டகை. நடுக்கடலில் நிற்கும் கப்பலிலிருந்து சாமான் இறக்கும் மரப்படகுகளை அங்கே இழுத்து வந்து பழுது பார்ப்பார்கள். மேஸ்திரி அந்த வேலையில் பெயர் எடுத்தவர். யுத்தம் முடிந்த சமயத்தில், சுற்றுத் தெருக்களில் குடியிருந்த ஆங்கிலோ இந்தியர்கள் உடைந்த கிடார்களைத் தூக்கிக்கொண்டு அவரிடம் வந்திருக்கிறார்கள். படகையே ஒட்டுகிறவன் இதை ஒட்ட மாட்டானா என்று. ஒட்டிக் கொடுத்தார். பிறகு ஒன்றை முழுதாகப் பிரித்துப் பார்த்து, அதே போல இன்னொன்றைச் செய்தார். நான் போய்ச் சேர்ந்தபோது கொட்டகையின் ஒரு பாதியில் படகுப் பலகைகள் கிடந்தன, மறுபாதியில் கிடார்கள் தொங்கின. இரண்டுக்கும் நடுவில் ஒரு மண் அடுப்பு. அதன்மேல் ஒரு சட்டியில் குங்கிலியப் பிசினும் எண்ணெயும் எப்போதும் காய்ந்துகொண்டிருக்கும். படகின் பலகை இடுக்குகளில் பஞ்சை அடைத்து, அதன்மேல் அந்தக் குழம்பைப் பூசினால் ஒரு சொட்டு நீர் உள்ளே வராது. எனக்கு வந்த சங்கடம் முழுவதும் அந்தச் சட்டியிலிருந்து வந்ததுதான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர். அம்மா கடலைக் கிடங்கில் உட்கார்ந்து சொத்தைக் கடலை பொறுக்குவாள். பத்து வயதில் என்னையும் அங்கே கூட்டிவரச் சொன்ன பெண்களிடம், "என் பொண்ணு பொறுக்க வர்ல, போங்கடி" என்று சொன்னவள் அவள். எஸ்.எஸ்.எல்.சி. தேறினேன். தேறிய பிறகு ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்தேன். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் கிடங்கில் அம்மாவுக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு சாக்கு விரித்திருப்பார்கள். விரிக்கத் தயாராகத்தான் இருந்தார்கள். அப்போதுதான் மேஸ்திரி தன் வாடிக்கையாளர்களுக்கு இங்கிலீஷில் கடிதம் எழுத ஆள் தேடினார்.

கடிதம் எழுதப் போனவள் எப்படித் திருப்புளியைக் கையில் எடுத்தேன் என்றால், அதற்குக் காரணம் ஒரு கப்பல்காரர். அவர் கொண்டுவந்த வெளிநாட்டுக் கிடாரில் தலைப்பக்கம், தந்திகளுக்கு அடியில், மணியைக் குப்புற வைத்தது போல ஒரு சின்னக் கறுப்பு மூடி இருந்தது. மேஸ்திரி அதைக் கழற்றினார். உள்ளே ஒரு குழி, குழிக்குள் ஒரு இரும்புக் கம்பியின் முனை, அதில் ஒரு நட்டு. கம்பி கிடாரின் கழுத்து நெடுகிலும் மரத்துக்குள் ஓடியிருந்தது. பட்டறையில் எல்லோருக்கும் குழப்பம். கிடார்ப் பெட்டியின் அடியில் ஒரு அச்சடித்த தாள் கிடந்தது. அதைப் படித்துச் சொன்னது நான்.

தந்திகளின் இழுப்பைக் கழுத்து தாங்குவதற்கு அந்தக் கம்பி. வெயிலிலும் ஈரத்திலும் மரம் வளையும். அப்போது இரண்டு திருகாணிகளைத் தளர்த்தி மூடியை எடுத்து, ஒரு சாவியால் நட்டைக் கால் திருப்பு இறுக்கவோ தளர்த்தவோ செய்தால் கழுத்து நேராகிவிடும். தாளின் சாரம் இவ்வளவுதான். மேஸ்திரி மூன்று முறை படிக்கச் சொன்னார். மூன்றாவது முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அடுத்த வாரமே திருவொற்றியூரில் ஒரு லேத்துப் பட்டறையில் அதே போலக் கம்பியும் நட்டும் சாவியும் செய்து வாங்கி வந்துவிட்டார். அந்தக் கம்பிக்கு எங்கள் பட்டறையில் 'ராடு' என்று பெயர்.

மூடிதான் யாருக்கும் பிடிபடவில்லை. அந்தத் திருகாணிகள் அரிசியைவிடக் கொஞ்சம் பெரியவை. கையளவு நீளப் படகு ஆணி அடித்துப் பழகியவர்களுக்கு அவற்றின் தலையில் திருப்புளி நிற்கவில்லை. தலையை அறுத்தார்கள், மரத்தைக் கீறினார்கள், கெட்ட வார்த்தை சொன்னார்கள். ஒரு நாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபோது நான் ஒன்றைப் போட்டு வைத்தேன். மேஸ்திரி திரும்பி வந்து விரலால் தடவிப் பார்த்தார்.

"யாரு போட்டது?"

"நான்தான்."

"இன்னொண்ணு போடு, பாப்போம்."

அன்றிலிருந்து மூடி என் வேலை. எருமைக் கொம்பு வண்ணாரப்பேட்டையில் சீப்பு செய்கிறவர்களிடமிருந்து பட்டையாக வரும். கொதிநீரில் போட்டு, இரண்டு பலகைக்கு நடுவில் அழுத்தித் தட்டையாக்கி, மெல்லிய ரம்பத்தால் அறுத்து, உப்புத்தாளால் தேய்த்து, பிறகு சாம்பலும் எண்ணெயும் தொட்டுத் துணியால் தேய்த்தால் கண்ணாடி போலக் கறுப்பு வரும். ஆரம்பத்தில் நானும் பித்தளைத் திருகாணிகளை முறித்திருக்கிறேன். முறிந்த பாதி மரத்துக்குள் நின்றுவிட்டால் அதை எடுப்பதற்குள் பாதி உயிர் போய்விடும். பிறகு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். அதே அளவு இரும்புத் திருகாணியில் சோப்பைத் தேய்த்து முதலில் உள்ளே விட்டு, மரத்தில் வழி வெட்டிக்கொள்ள வேண்டும். அதை வெளியே எடுத்துவிட்டு, அதே வழியில் பித்தளையை விட்டால் முனகாமல் போய் உட்காரும். ரொம்ப இறுக்கினால் கொம்பு வெடிக்கும். தளர விட்டால், வாசிக்கும்போது மூடி வண்டு மாதிரி தனியாக இரையும். எங்கே நிறுத்துவது என்பது விரலுக்குத் தெரிய வேண்டும். என் விரலுக்குத் தெரிந்தது.

நான் போட்டு முடித்ததும் மேஸ்திரி சட்டியோடு வருவார். மூடியின் ஓரம் முழுக்கக் குச்சியால் குங்கிலியம் இழுப்பார். திருகாணித் தலையின் பிளவிலும் ஒரு சொட்டு. அதன்மேல் பாலிஷ்காரர் அரக்கு பாலிஷை ஓட்டிவிடுவார். மூடி மரத்திலேயே முளைத்தது மாதிரி ஆகிவிடும். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை.

முதல் தடவையே சொன்னேன்.

"மேஸ்திரி, அத்தக் கழட்டி மாட்டணும்னுதான் தாள்ல போட்டுக்குது. அடைக்கச் சொல்லல."

"இரும்பு பொண்ணே அது. தொறந்து வெச்சா கடக்காத்து சும்மா வுடுமா? துரு புடிச்சு ஊதிக்கினு மரத்தையே பொளந்துடும். எத்தினி படகு பாத்துக்கீறேன் நானு."

"அப்ப கழுத்து வளைஞ்சா எப்டி சரி பண்றது?"

"நான் செஞ்ச கழுத்து வளையாது."

பாலிஷ்காரர் வண்ணாரப்பேட்டைக்காரர். எல்லோரும் அவரைப் பாய் என்போம். அவருக்கு என்னைச் சீண்டாமல் பொழுது போகாது. "டீச்சரம்மா, அந்தத் தாளு அமெரிக்காவுல குந்திக்கினு எவனோ எழுதுனது. ராயபுரத்துக் காத்து அவன் மூஞ்சில பட்டுக்குதா? கேட்டு ஒரு லெட்டர் போடேன்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. மறு மாதம் மேஸ்திரி ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நாளில், பக்கத்து மாதாகோவிலில் பாடுகிறவர் ஒருவருக்காகச் செய்த கிடாரில் நான் மூடியைப் போட்டுக் குங்கிலியம் இல்லாமலே கொடுத்து அனுப்பிவிட்டேன். பாய் பார்த்தார். "மேஸ்திரிக்குத் தெரியாம டபாய்க்கிற நீ" என்றார். ஆனால் காட்டிக் கொடுக்கவில்லை. அந்த ஒரு கிடார் மட்டும் நான் சொன்னபடி இருக்கிறது என்பதில் எனக்கு மனசுக்குள் ஒரு கர்வம். அதைப் பிறகு சொல்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் குண்டக்கல்லில் ரயில் இன்ஜின் ஓட்டும் ஒருவர் எங்களிடம் ஒரு கிடார் வாங்கிக்கொண்டு போனார். ஆங்கிலோ இந்தியர், சொந்த வீடு ராயபுரம், வேலை அங்கே. வாசித்துப் பார்த்துவிட்டு, அங்கே தன்னோடு வாசிக்கிற நண்பர்களுக்காக இன்னும் ஆறு சொல்லிவிட்டார். பட்டறைக்கு அவ்வளவு பெரிய வேலை அதற்கு முன் வந்ததில்லை. அந்த ஆறும் முடிந்து, மூடி போட்டு, குங்கிலியம் பூசி, பாலிஷ் காய்வதற்காகச் சுவரோரம் தொங்கிக்கொண்டிருந்தன. கத்திரி வெயில் முடிகிற வாரம். அவர் வந்தார். கையில் பழைய கிடார், முகம் சிவந்திருந்தது.

"இன்னா மேன் மேஸ்திரி, கிட்டாரா குடுத்தே நீ எனக்கு? வில்லு குடுத்தியா?"

மேஜையில் வைத்தார். கழுத்து பின்பக்கமாக வளைந்திருந்தது. தந்தியை மீட்டினால் கழுத்தின் குறுக்கே பதித்த மெட்டுக் கம்பிகளில் எல்லாம் உரசி இரைந்தது. குண்டக்கல் வெயில் ராயபுரத்து ஈரத்தை அந்த மரத்திலிருந்து உறிஞ்சி எடுத்திருந்தது. தலைப்பக்கம் அதைவிட மோசம். என் மூடி குறுக்கே இரண்டாக உடைந்து, ஒரு பாதி போய், மறுபாதி குங்கிலியத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றது. பக்கத்தில் மரம் ஒரு நகம் அளவு பெயர்ந்திருந்தது.

"உள்ள ராடு வெச்சிக்கீறேன், வளைஞ்சா திருப்பிக்கோன்னு சொன்னே. எனக்குத் திருப்பத் தெரியாதா? நான் இன்ஜினே திருப்பறவன் மேன்! மூடி தொறந்தாத்தானே? கத்தி வெச்சு நெம்பினேன், ஒடஞ்சிச்சு. யாரு போட்டது இந்த மூடி?"

மேஸ்திரி என்னைப் பார்க்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"அந்தப் பொண்ணுதான் சார். மூடி வேல எல்லாம் அதுங் கையி."

பொய் என்று சொல்ல முடியாது. மூடி என் கை வேலைதான். அதுதான் எனக்கு நெருப்பாக இருந்தது. பாதி உண்மையைச் சொல்லி முழுப் பழியையும் என் பக்கம் தள்ளிவிட்டார்.

வந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பாவாடை தாவணியில் ஒரு பெண் நிற்பதைப் பார்த்து அவருக்குக் கோபம் குறைந்து சலிப்பு வந்தது. "பொண்ணு கையில குடுத்தா இப்பிடித்தான்" என்றார். "மேஸ்திரி, அந்த ஆறு எங்களுக்கு வாணாம். நான் எங்க ஆளுங்கோகிட்ட சொல்லிடறேன்."

மேஸ்திரிக்கு முகம் வெளுத்தது. "சார், சார், கோச்சிக்காதே. வேற மூடி நானே போட்டுத் தரேன். த்தோ பாரு பொண்ணே, நீ கெளம்பு. வூட்ல இரு. அப்பால சொல்லி அனுப்பறேன்."

அப்பால சொல்லி அனுப்புகிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். நான் சாப்பாட்டுத் தூக்கைத்தான் முதலில் பார்த்தேன். அதை எடுத்துக்கொண்டு வெளியே போனால் அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும்: எஸ்.எஸ்.எல்.சி. படித்த பெண் வேலையைக் கெடுத்து விட்டாள். மறுநாள் கிடங்கில் எனக்குச் சாக்கு விரிப்பார்கள். விரிக்கிறவர்கள் அம்மாவைப் பார்த்துச் சிரிப்பார்கள். அது மட்டும் நடக்க விடக்கூடாது என்று நினைத்தேன்.

தூக்கை எடுக்கவில்லை. கிடாரை எடுத்தேன்.

"சார், இந்த மூடியில ரெண்டு திருகாணி போட்டது நான். அது ரெண்டும் இன்னும் நிக்குது பாருங்க. ஒடஞ்சது அதனால இல்ல. சுத்தி இருக்கற குங்கிலியத்தால. அத்தப் பூசுனது நான் இல்ல. பூச வாணாம்னு சொன்னவ நான்."

"ஏ, இன்னா பேசற நீ?" என்றார் மேஸ்திரி.

"நீங்க சொன்னதுல பாதி வுட்டுட்டீங்க மேஸ்திரி. அத்தத்தான் பேசறேன்."

பாய் பாலிஷ் துணியைக் கீழே வைத்துவிட்டார். கொட்டகையின் மறுபாதியில் படகுப் பலகை இழைத்துக்கொண்டிருந்தவரும் நிறுத்திவிட்டார். மெல்லிய கத்தி ஒன்றை அடுப்பில் காட்டிச் சூடாக்கினேன். உடைந்த பாதியின் ஓரத்தில் வைத்தேன். குங்கிலியம் இளகிப் புகைந்தது. பாலிஷ் கொஞ்சம் கருகியது. பாய் "யா அல்லா" என்றார். திருகாணித் தலைகளில் அடைந்திருந்ததை ஊசியால் குத்தி எடுத்து, இரண்டையும் கழற்றி, பாதி மூடியை எடுத்தேன். குழிக்குள்ளும் குங்கிலியம் இறங்கி நட்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தது. அதையும் சுரண்டினேன். மேஸ்திரி தடுக்கவில்லை. வந்தவர் முன்னாலேயே நின்றதால் தடுக்க முடியவில்லை என்று நினைக்கிறேன்.

தாளில் இருந்தது எனக்கு மனப்பாடம். தந்தியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் அழுத்திப் பிடித்தால் நடுவில் ஒரு தபால் கார்டு நுழையும் அளவு இடைவெளி இருக்க வேண்டும். கடிதம் எழுத வைத்திருந்த கார்டு ஒன்றை எடுத்து நுழைக்கப் பார்த்தேன். போகவில்லை. தந்தி எல்லா மெட்டிலும் படுத்துக் கிடந்தது. சாவியை நட்டில் மாட்டிக் கால் திருப்பு தளர்த்தினேன். மரம் உள்ளே முறுக்கிக்கொள்வது போல ஒரு சத்தம் வந்தது. வந்தவர், "ஏய், பாத்து, பாத்து" என்றார். கொஞ்ச நேரம் விட்டேன். இன்னும் ஒரு அரைக்கால் திருப்பு. இப்போது கார்டு உள்ளே போயிற்று.

"வாசிச்சுப் பாருங்க சார்."

அவர் வாசித்தார். முதலில் சந்தேகமாக ஒவ்வொரு தந்தியாகத் தட்டினார். பிறகு சேர்த்து வாசித்தார். இரைச்சல் இல்லை. ரயில் பாதையில் கூட்ஸ் வண்டி ஒன்று போய் முடியும்வரை நிறுத்தாமல் வாசித்துவிட்டு, மேஸ்திரியைப் பார்த்து, "அப்ப இந்த ஆறையும் இந்தப் பொண்ணு சொல்றாப்ல பண்ணிக் குடு, எடுத்துக்கறேன்" என்றார்.

அங்கேயே நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். மூடவில்லை. ஜெயித்த சந்தோஷம். சுவரில் அந்த மாதாகோவில்காரரின் கிடார் புதுத் தந்தி போடுவதற்காக வந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"மேஸ்திரி, அதுல குங்கிலியமே இல்ல. நீங்க கல்யாணத்துக்குப் போனப்போ நானே அப்டியே குடுத்துட்டேன். நல்லாத்தானே கீது? தொறந்து காட்டறேன் பாருங்க" என்று எடுத்து, இரண்டு திருகாணிகளையும் அலட்சியமாகக் கழற்றினேன். மூடி சுலபமாக வந்தது. வந்தவர் தலையாட்டினார்.

உள்ளே நட்டு செங்கல் நிறத்தில் இருந்தது. விரலை வைத்தேன், பொடி ஒட்டியது. சாவியை மாட்டித் திருப்பினேன், அசையவில்லை.

பாய் மெதுவாகச் சொன்னார்: "அமெரிக்காக்காரனுக்கு லெட்டர் போடுன்னு அப்பவே சொன்னேன்."

மேஸ்திரி சிரிக்கவில்லை. கிடாரை என் கையிலிருந்து வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பாத்தியா? இன்னும் ரெண்டு மழ பாத்தா மரம் வுட்டுடும். நான் இன்னா கிறுக்கனா, சும்மா பூசறதுக்கு?"

அவர் சொன்னது சரி. அதையும் எழுதத்தான் வேண்டும். தாளை எழுதினவனுக்கு எங்கள் கடல் தெரியாது. எனக்குத் தெரியும், தெரிந்தும் தாளை மட்டும் நம்பினேன். முகம் சூடாகி, காது வரை சூடு ஏறியது. எல்லோரும் என் கண்ணில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்தார்கள். வரவில்லை.

நட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்பாவின் கொக்கி நினைவுக்கு வந்தது. மூட்டையில் மாட்டி இழுக்கிற இரும்புக் கொக்கி. தினமும் கடல் காற்றிலேயே கிடக்கிற இரும்பு, ஒரு பொட்டு துரு இருக்காது. வேலை முடிந்து வந்ததும் அதை ஒரு கந்தலில் சுற்றி வைப்பார். கந்தலில் கிரேன்காரர்களிடம் வாங்கிய கிரீஸ். பள்ளிக்கூடம் போகிற நாளில் அந்தக் கந்தல் என் புத்தகத்தில் பட்டுவிட்டது என்று அவரோடு சண்டை போட்டிருக்கிறேன்.

"துருவுக்கு அடைக்கத் தேவையில்ல மேஸ்திரி. கிரீஸ் வெச்சா போதும். நட்டு மேல ஒரு விரல் கிரீஸ், அதுக்கு மேல மூடி. வேணுங்கறப்போ தொறக்கலாம், தொடைக்கலாம், மறுபடி வெக்கலாம். எங்கப்பா கொக்கி பதினஞ்சு வருஷமா துரு புடிக்கல."

"கிரீஸு மரத்துல ஊறினா?"

"நட்டுக்குத்தான். மரத்துக்கு மெழுகுவத்தி தேச்சிடறேன்."

வந்தவர் சிரித்தார். "இன்ஜின்ல நாங்க இன்னா பண்றோம்? அதேதான் மேன்" என்றார்.

மேஸ்திரி கிடாரைக் கீழே வைத்தார். "உன்ன வூட்டுக்குப் போவச் சொன்னேனே" என்றார்.

"போறேன். நாளைக்கு வரேன். ஆனா ஒண்ணு மேஸ்திரி. மூடி கெட்டா என் பேரத்தானே சொல்றீங்க? சொல்லுங்க. அப்ப நான் போட்ட மூடி மேல எனக்கப்புறம் யார் கையும் படக்கூடாது. பாலிஷும் முன்னாடியே முடிஞ்சுடணும். மூடிதான் கடைசி. கெட்டுப்போனா முழுப் பழியும் என்னுது. பாதி இல்ல."

"அய்யே, பொண்ணா இது, வக்கீலா" என்றார் பாய். அவர் குரலில் அன்று சீண்டல் இல்லை.

வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், துருவையும் சேர்த்து. அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். "அப்பாலே சொல்லி அனுப்பறேன்னு சொன்னானா?"

"சொன்னாரு."

"சொல்லி அனுப்புற வரிக்கும் காத்துக்கினு கெடக்காத. காலீல கரெக்டா போய் நில்லு" என்றாள். அப்பா கிரீஸ் டப்பாவை என் தூக்குக்குப் பக்கத்தில் வைத்தார்.

காலையில் போனேன். என் மேஜை இருந்த இடத்திலேயே இருந்தது. ஆறு கிடார்களையும் வரிசையாக இறக்கி, சூடான கத்தியால் ஒவ்வொன்றாகத் திறந்து, சுரண்டி, மெழுகு தேய்த்து, நட்டில் கிரீஸ் வைத்தேன். பாய் கருகிய இடங்களில் எல்லாம் மறுபடி பாலிஷ் ஏற்றிக் கொடுத்தார். இரண்டு நாள் காய்ந்த பிறகு மூடிகளைப் போட ஆரம்பித்தேன். முதல் மூடியில் இரண்டாவது திருகாணி உட்காரும்போது, பக்கத்தில் சூடு தெரிந்தது. நிமிர்ந்தேன். மேஸ்திரி சட்டியும் குச்சியுமாக நின்றார். சண்டைக்கு வந்தவர் முகமாக இல்லை. நான் மூடி போட்டதும் அவர் சட்டியோடு வருவது வழக்கம், கால் தானாக வந்துவிட்டது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். குச்சியின் நுனியில் குங்கிலியம் திரண்டு நின்றது.

நான் உள்ளங்கையை மூடியின்மேல் வைத்தேன்.

"நவுரு" என்றார்.

நகரவில்லை. ஒரு சொட்டு என் புறங்கையில் விழுந்தது. கொதிக்கிற குங்கிலியம் ஒட்டிக்கொள்ளும், உதறினாலும் போகாது. உதறவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என் கையைப் பார்த்தார்.

"கைய எடு பொண்ணே, சுடுது."

"சட்டிய எடுங்க மேஸ்திரி."

அவர் திரும்பினார். சட்டியைத் தூக்கிக்கொண்டு கொட்டகையின் மறுபாதிக்குப் போய், அங்கே குப்புறக் கிடந்த படகின் அடியில் உட்கார்ந்து, ஒரு இடுக்கில் பூச ஆரம்பித்தார். போகிற போக்கில் பாயிடம், "அந்தப் பொண்ணு கைக்கு இன்னாவாச்சும் போட்டு வுடு" என்றார். பாய் கொஞ்சம் தேங்காயெண்ணெய் கொண்டு வந்தார்.

"ஒரு மூடிக்கு இவ்ளோ பேஜாரா டீச்சரம்மா?"

"ஆறு மூடி பாய்" என்றேன். "இன்னும் அஞ்சு பாக்கி கீது. அந்தத் திருப்புளிய இப்டி குடுங்க."

அந்த ஆறும் குண்டக்கல்லுக்குப் போயின. ஒன்றும் திரும்பி வரவில்லை. மாதாகோவில்காரர் கிடாரின் நட்டை மண்ணெண்ணெயில் ஊற வைத்து நானே கழற்றிப் புதிது போட்டேன். அதற்காக யாரும் என்னைப் பாராட்டவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. என் புறங்கையில் அந்தச் சொட்டு விழுந்த இடம் கொண்டைக்கடலை அளவு வெளுத்து நிற்கிறது. பெண் பார்க்க வந்தவர்களில் ஒருத்தி அதைப் பார்த்து என்ன தழும்பு என்று கேட்டாள். அம்மா முந்திக்கொண்டு, அடுப்பில் சுட்டுக்கொண்டாள் என்று சொல்லப் பார்த்தாள். நான் விடவில்லை. முதலிலிருந்து, ராடு என்றால் என்ன என்பதிலிருந்து, எல்லாவற்றையும் சொன்னேன். காப்பி ஆறிப்போயிற்று.